வெள்ளி ரூபாய் கையில் இருக்கிறது: தேய்ப்பதா, ஸ்லாப் போடுவதா, விற்பதா, இன்னும் வாங்குவதா?

பழைய நாணயம் கையில் கிடைத்தவர்கள் பெரும்பாலும் முதலில் அதைப் புளி போட்டுத் தேய்க்கிறார்கள். அப்புறம் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் போட்டு "எவ்வளவு போகும்?" என்று கேட்கிறார்கள். அது என்ன நாணயம் என்று பார்ப்பது கடைசியில்தான். இந்த வரிசையைத் தலைகீழாக்கினாலே பாதி நஷ்டம் தவிரும்.

சுத்தம் செய்வது, தரச்சான்று வாங்கி உறையில் மூடுவது (ஸ்லாப் என்பது அதுதான்), முதலீடாக வைப்பது என்று மூன்று முடிவுகள் இதில் வருகின்றன. மூன்றுக்கும் நான் வைத்துப் பார்க்கும் கேள்வி ஒன்றுதான்: நாளை இதை என்னிடமிருந்து வாங்கப்போகிறவர் எதைப் பார்த்துப் பணம் கொடுப்பார்? வெள்ளியைப் பார்த்தா, வருடத்தைப் பார்த்தா, மேல்பரப்பைப் பார்த்தா? பதில் நாணயத்துக்கு நாணயம் மாறும். அதனால் முதலில் கையில் இருப்பதைப் பிரித்து வைக்க வேண்டும்.

பிரித்து வைப்பது

நம் வீடுகளில் டிரங்குப் பெட்டியிலும் பூஜை அறை டப்பாவிலும் கிடப்பவை ஏறக்குறைய ஒரே கூட்டம்தான். விக்டோரியா, ஏழாம் எட்வர்டு, ஐந்தாம் ஜார்ஜ், ஆறாம் ஜார்ஜ் தலை போட்ட ரூபாய்கள், காலணாக்கள், ஓட்டைக் காலணா, நாலைந்து வெளிநாட்டுச் சில்லறை. கூடவே ராமர் பட்டாபிஷேகம் போட்ட "கம்பெனி காசு" ஒன்று. அந்தக் கடைசிச் சமாச்சாரத்தை இங்கேயே முடித்துவிடலாம். ஒரு பக்கம் ராமர் அல்லது அனுமார், மறுபக்கம் 1818 என்ற வருடம், கிழக்கிந்தியக் கம்பெனியின் பெயர் என்று வருபவை நாணயமே இல்லை. கம்பெனி அப்படி ஒன்றை அடித்ததில்லை. கோயில் வாசல்களில் விற்ற வில்லைகள் அவை. அரிசியை இழுக்கும், கோடிக்குப் போகும் என்று யாராவது சொன்னால் அந்த இடத்தை விட்டு நகர்ந்துவிடுவது நல்லது.

ரூபாய்களுக்கு வருவோம். 1835 முதல் 1939 வரை அடித்த வெள்ளி ரூபாய் ஒரு தோலா எடை, அதாவது 11.66 கிராம். அதில் பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி. சுத்த வெள்ளி மட்டும் சுமார் 10.69 கிராம். 1940இல் போர்க்காலத்தில் வெள்ளியைப் பாதியாகக் குறைத்துவிட்டார்கள். எடை அதே 11.66தான், ஆனால் உள்ளே சுத்த வெள்ளி 5.83 கிராம். 1947 ரூபாயில் வெள்ளியே இல்லை, அது நிக்கல். காந்தம் வைத்தால் ஒட்டிக்கொள்ளும். ஆறாம் ஜார்ஜ் தலையை மட்டும் பார்த்து "எல்லாம் ராஜா ரூபாய், எல்லாம் வெள்ளி" என்று மொத்தமாக விலை பேசுகிறவர்கள் இந்த இடத்தில்தான் ஏமாறுகிறார்கள். வருடத்தைப் பார்க்காமல் வாங்கவும் கூடாது, விற்கவும் கூடாது.

வெள்ளிதானா என்று பார்க்க நகைப் பட்டறைக்குக் கொண்டுபோனால் விளிம்பில் அரம் போடுவார்கள், அல்லது உரைகல்லில் இழுப்பார்கள். அந்த ஒரு இழுப்பு நாணயத்தின் சேகரிப்பு விலையை அங்கேயே முடித்துவிடும். தரையில் சுண்டிப் போட்டு ஓசை கேட்பதும் அப்படித்தான், விளிம்பு நசுங்கும். வீட்டிலேயே செய்யக்கூடிய சோதனை ஒன்று உண்டு. 0.01 கிராம் வரை காட்டும் சின்ன டிஜிட்டல் தராசு போதும். ஒரு டம்ளர் தண்ணீரைத் தராசில் வைத்து அளவைப் பூஜ்யமாக்குங்கள். நாணயத்தை மெல்லிய நூலில் கட்டி, அடியிலும் பக்கத்திலும் தொடாமல் தண்ணீருக்குள் முழுவதும் தொங்கவிடுங்கள். 11.66 கிராம் எடையுள்ள நல்ல ரூபாயென்றால் தராசு 1.13 கிராம் அளவு காட்டும். அந்தக் கலவையின் அடர்த்தி சுமார் 10.3 என்பதால் வரும் கணக்கு இது. பித்தளையோ வெள்ளி முலாம் போட்ட செம்போ என்றால் எண் கூடுதலாக வரும். முடிந்ததும் ஒற்றித் துடைத்துவிடுங்கள், தேய்க்க வேண்டாம்.

எடையும் உலோகமும் சரி என்றால் அடுத்தது வருடம். சாதாரண 1862, 1907, 1918 ரூபாய்கள் கோடிக்கணக்கில் அடித்தவை. இதில் 1862 ஒரு வேடிக்கை. அந்த வருடத்தை மாற்றாமலேயே 1874 வரை அடித்தார்கள். உண்மையில் எந்த ஆண்டு அடித்தது என்பதற்குச் சின்னச் சின்னப் புள்ளிகள்தான் அடையாளம். அந்தப் புள்ளிகளை எண்ணிச் சேர்ப்பவர்கள் தனிக் கூட்டமாகவே இருக்கிறார்கள். 1911 ரூபாய்க்கு வேறு கதை. அரசர் மேலங்கியில் இருக்கும் யானைச் சின்னம் பார்ப்பதற்குப் பன்றி போல இருக்கிறது என்று எதிர்ப்பு கிளம்பியது. அடித்தது 94 லட்சம் அளவு, அதில் வெளியே போனது 7 லட்சம் அளவுதான். மீதியை உருக்கிவிட்டு, 1912இல் துதிக்கையைத் தெளிவாக்கி அடித்தார்கள். 1911 கிடைப்பது அரிதல்ல, ஆனால் கதை இருப்பதால் எப்போதும் வாங்க ஆள் உண்டு.

எல்லாருக்கும் வேண்டியது 1939. அந்த வருட ரூபாய் மிகக் குறைவாகவே தப்பியிருக்கிறது, விலை சாதாரண ரூபாயை விடப் பல மடங்கு. அதனாலேயே 1938இன் கடைசி எண்ணைச் செதுக்கி 9 ஆக்கும் வேலை தாராளமாக நடக்கிறது. பத்து மடங்கு லென்ஸில் அந்த 9ஐ மட்டும் பாருங்கள். சுற்றியுள்ள தரை மற்ற எண்களைச் சுற்றியிருப்பது போலவே மழமழப்பாக இருக்கிறதா, இல்லை கீறிச் சமப்படுத்திய தடம் தெரிகிறதா? 9இன் உயரம் பக்கத்து 3இன் உயரத்தோடு ஒத்துப்போகிறதா? விளக்கைச் சாய்த்துப் பிடித்தால் வேலை செய்த இடம் வேறு மாதிரி மின்னும். சந்தேகம் தீராவிட்டால் அதை 1938 என்றே நினைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு விஷயம் நம் பக்கத்துக்கே உரியது. ரூபாயில் வளையம் வைத்துப் பற்றவைத்து மாலையாகப் போட்டிருப்பார்கள். பிற்பாடு வளையத்தைக் கழற்றி விளிம்பைத் தேய்த்துச் சரிசெய்திருப்பார்கள். பன்னிரண்டு மணி இடத்தில் விளிம்பின் பற்கள் மழுங்கியிருந்தால் அதுதான். அந்த நாணயம் எவ்வளவு அழகாக இருந்தாலும் விலை வெள்ளிக்குப் பக்கத்திலேயே நிற்கும்.

சுத்தம்: ஐந்து வழிகள், ஒன்றுதான் பொதுவாக நல்லது

புதிதாக அடித்த நாணயத்தை விளக்கடியில் மெதுவாகச் சுழற்றினால் ஒளிக்கோடுகள் மையத்திலிருந்து விளிம்புக்குச் சக்கரம் போலச் சுற்றும். அச்சு அழுத்தும்போது உலோகம் வெளிப்பக்கமாக நகர்ந்ததில் உண்டான, கண்ணுக்குத் தெரியாத வரிகள்தான் அதற்குக் காரணம். சேகரிப்பவர் கூடுதல் பணம் கொடுப்பது அந்த வரிகளுக்கு. தேய்த்தால் போவதும் அவைதான். போனால் எந்த மருந்தும் திரும்பக் கொண்டுவராது.

புளி, எலுமிச்சை, பீதாம்பரி, விபூதி, பற்பசை எல்லாம் ஒரே வகை. அமிலமோ பொடியோ இரண்டும் சேர்ந்ததோ. குத்துவிளக்குக்கு அருமையான வைத்தியம், நாணயத்துக்கு எமன். பொடி போட்டுத் தேய்த்த நாணயத்தைச் சாய்த்துப் பார்த்தால் ஒரே திசையில் நூற்றுக்கணக்கான மெல்லிய கீறல்கள் தெரியும். டீலர் கையில் எடுத்த மாத்திரத்தில் அதைத்தான் பார்ப்பார். ஆசாரிகள் வெள்ளி நகைக்குப் போடும் பூந்திக்கொட்டைத் தண்ணீர் இவ்வளவு கொடுமையில்லை, ஆனால் கூடவே வரும் தூரிகை போதும் காரியத்தைக் கெடுக்க.

அலுமினியத் தாள், ஆப்ப சோடா, சுடுதண்ணீர் என்ற முறையை யூடியூபில் எல்லாரும் காட்டுகிறார்கள். கறுப்பு என்பது வெள்ளியும் கந்தகமும் சேர்ந்த படலம். இந்த முறை அந்தப் படலத்தைத் திரும்ப வெள்ளியாக்கும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் திரும்பிவந்த வெள்ளி பழையபடி வரிவரியாகப் படியாது. கறுப்பு போய் நாணயம் சுண்ணாம்பு அடித்தாற்போல் செத்து வெளுத்து நிற்கும். ஸ்பூனுக்கு வேண்டுமானால் செய்யலாம்.

தயோயூரியா கலந்த திரவத்தில் நொடிநேரம் முக்கி எடுப்பது வியாபாரிகள் பழகிய முறை. தேர்ந்த கை செய்தால், அதுவும் ஒரே முறை செய்தால், கண்டுபிடிப்பது கடினம். கறுப்போடு சேர்த்து உலோகத்தையும் ஒரு படலம் தின்றுவிடும் என்பதால் இரண்டு மூன்று முறை முக்கிய நாணயத்தில் சக்கர ஒளி மங்கிவிடும். ஆபத்தான வேலை, வீட்டுக்கு வேண்டாம்.

அசிட்டோன் வேறு வகை. அது உலோகத்தைத் தொடாது. பசை, எண்ணெய், பிளாஸ்டிக் உறையிலிருந்து கசிந்த பச்சைப் பிசுபிசுப்பு இவற்றை மட்டும் கரைக்கும். ரசாயனக் கடையில் கிடைக்கும் சுத்த அசிட்டோன் வேண்டும். நகப்பூச்சு அழிக்கும் திரவத்தில் வேறு சேர்மானங்கள் இருக்கும். கண்ணாடிப் பாத்திரத்தில் ஊறவைத்து எடுத்தால் தானே காய்ந்துவிடும். அடுப்பங்கரையில் செய்யாதீர்கள், ஆவியே தீப்பிடிக்கும். பூஜை அறைக் காசில் ஒட்டிய சந்தனம், குங்குமத்துக்கு அசிட்டோன்கூட வேண்டாம். காய்ச்சி வடித்த தண்ணீரில் ஒரு ராத்திரி போட்டுவைத்தால் பெரும்பாலும் தானே விட்டுவிடும்.

கடைசி வழி, எதுவும் செய்யாமல் விடுவது. வெள்ளியில் சீராகப் படர்ந்த கறுப்போ நீலமோ குறையே இல்லை. கையே படாத நாணயம் என்பதற்கு அதுதான் சாட்சி, அதற்கென்றே கூடுதலாகக் கொடுப்பவர்கள் உண்டு. செம்பில் இது இன்னும் கண்டிப்பு. காலணாவின் பழுப்பு நிறம் நூறு வருடம் எடுத்துக்கொண்டு வந்தது. தேய்த்துச் சிவப்பாக்கினால் அந்தச் சிவப்பு செயற்கை என்பது எட்டடி தூரத்திலேயே தெரியும்.

இதற்கு ஒரே விதிவிலக்கு, மண்ணிலிருந்து வந்த செம்புக் காசு. ராஜராஜன் காசு, மதுரை நாயக்கர் காசு, கரூர் அமராவதி ஆற்றுப் படுகையில் கிடைத்த ரோமச் செம்புக் காசு ஆகியவை மண் படலத்தோடு வரும். அதை எடுக்காமல் எழுத்தும் உருவமும் தெரியாது. தமிழி என்ற பழந்தமிழ் எழுத்தில் பெருவழுதி என்ற பெயர் பொறித்த சங்ககாலப் பாண்டியர் காசை நாணய ஆய்வாளர் இரா. கிருஷ்ணமூர்த்தி அடையாளம் கண்டு வெளிக்கொண்டுவந்த பிறகு, உருத்தெரியாத செம்புத் துண்டுகளையும் ஆட்கள் லென்ஸ் வைத்துப் பார்க்கத் தொடங்கினார்கள். இவற்றுக்குக் காய்ச்சி வடித்த தண்ணீர், மரப் பல்குத்தி, பல வாரப் பொறுமை இவ்வளவுதான் கருவி. அடியில் இருக்கும் கெட்டியான பச்சை அல்லது கறும்பச்சைப் படலத்தில் நிறுத்திவிட வேண்டும். அதற்குக் கீழே போனால் காசும் போச்சு.

பச்சையிலும் இரண்டு உண்டு. கெட்டியாக, வழவழப்பாக இருப்பது காவல். வெளிர்பச்சையாகப் பொடிப்பொடியாக உதிர்வது நோய். செம்பில் குளோரைடு புகுந்து, ஈரக்காற்றுப் படப்பட உள்ளே தின்றுகொண்டே போகும். சென்னை, நாகப்பட்டினம் போலக் கடற்காற்று அடிக்கும் ஊர்களில் இது சர்வசாதாரணம். துடைத்தால் போனதுபோல் இருக்கும், ஈரமான இடத்தில் வைத்தால் ஒரு நாளிலேயே திரும்ப முளைக்கும். அப்படிப்பட்டதை மற்றக் காசுகளிலிருந்து உடனே பிரியுங்கள். சோடியம் செஸ்குவிகார்பனேட் கரைசலில் வாரக்கணக்கில் ஊறவைக்கும் வைத்தியம் இருக்கிறது. காசு மதிப்புள்ளது என்றால் பாதுகாப்பு வேலை தெரிந்தவரிடம் கொடுப்பதே மேல். சும்மா விடுவது நஷ்டம் என்று நான் சொல்லும் ஒரே இடம் இதுதான்.

தரச்சான்று: யாருக்கு, எப்போது

தரத்தைச் சொல்வதற்கு உலகம் முழுக்க இன்று நடப்பில் இருப்பது 1 முதல் 70 வரையான அளவுகோல். அமெரிக்காவின் பழைய பெரிய செண்ட் காசுகளுக்காக 1949இல் வில்லியம் ஷெல்டன் போட்ட கணக்கு அது. (தரத்துக்கு அளவுகோல் தந்த இதே மனிதர், அமெரிக்க நாணயவியல் சங்கத்தின் சேகரிப்பிலிருந்து நல்ல காசை எடுத்துக்கொண்டு மட்டமானதை மாற்றி வைத்தவர் என்பது பின்னாளில் தெரியவந்தது. இந்தப் பொழுதுபோக்கின் குணம் அப்படி.) 60உம் அதற்கு மேலும் புழக்கத்துக்கே போகாதவை, அதற்குக் கீழே தேய்மானத்துக்கு ஏற்ப இறங்கும். பி.சி.ஜி.எஸ்., என்.ஜி.சி. என்ற இரண்டு அமெரிக்க நிறுவனங்கள் 1980களின் நடுவிலிருந்து இந்த வேலையைச் செய்கின்றன. நாணயத்தைப் பார்த்து, எண் போட்டு, கெட்டியான பிளாஸ்டிக் உறையில் மூடித் தருவார்கள். அதைத்தான் ஸ்லாப் என்கிறார்கள்.

தேய்மானத்தை நாமே ஓரளவு பார்க்கலாம். எட்வர்டு ரூபாயில் காதுக்கு மேலிருக்கும் முடி முதலில் தேயும். ஐந்தாம் ஜார்ஜில் காது, மீசை, கிரீடத்து மணிகள். விக்டோரியாவில் கன்னமும் கிரீடமும் உடையின் நெஞ்சுப்பகுதி வேலைப்பாடும். இந்த இடங்களில் விவரம் முழுதாக இருந்து, சாய்த்துப் பார்க்கையில் சக்கர ஒளி தடையில்லாமல் சுற்றினால் நல்ல நாணயம். முடி மழுங்கி, வயல் போன்ற வெற்றிடம் மட்டும் பளபளவென்றிருந்தால் யாரோ தேய்த்திருக்கிறார்கள். இந்த இரண்டு வாக்கியம் தெரிந்தாலே கடைக்காரர் "யூ.என்.சி. சார்" (அன்சர்குலேட்டட், புழக்கத்துக்கே போகாதது) என்று நீட்டும் காசுகளில் முக்கால்வாசியைத் திருப்பிக் கொடுத்துவிடுவீர்கள்.

அப்போது ஸ்லாப் எதற்கு? இரண்டே காரணம். ஒன்று, அசல் என்பதற்கான உத்தரவாதம். 1939 ரூபாய் போன்ற, போலி மலிந்த நாணயத்துக்கு அது அவசியம். இன்னொன்று, 63க்கும் 65க்கும் இடையே விலை பெரிதாகத் தாவும் நாணயமாக இருக்க வேண்டும். இந்த இரண்டும் இல்லாத சாதாரண 1907 ரூபாயை ஸ்லாப் போடுவது காசைக் கரியாக்குவது. நிறுவனக் கட்டணம், முகவர், போக்குவரத்து, காப்பீடு எல்லாம் சேர்ந்தால் நாணயத்தின் விலையையே எட்டிவிடும். வாங்குபவர் அந்தச் செலவைத் திருப்பித் தரமாட்டார். உறையை உடைத்து ஆல்பத்தில் வைக்கிறவர்களும் இங்கே இருக்கிறார்கள்.

தேய்த்த நாணயத்துக்கு எண்ணே கிடைக்காது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். அசல்தான், ஆனால் சுத்தம் செய்யப்பட்டது என்று எழுதித் தருவார்கள். பணம் கட்டி, உங்கள் நாணயத்தின் குறையை நிரந்தரமாக அச்சடித்து வாங்கிக்கொண்டதாக ஆகும்.

சட்டம் ஒன்றும் குறுக்கே நிற்கிறது, பலர் இதை யோசிப்பதில்லை. 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் மற்றும் கலைப்பொக்கிஷச் சட்டப்படி நூறு வருடம் கடந்த நாணயம் தொல்பொருள். தனியார் அதை நாட்டுக்கு வெளியே அனுப்ப முடியாது, தரம் பார்க்க என்றாலும் சரி. ஆக 1939 ரூபாயை அனுப்பலாம், விக்டோரியாவையும் 1911ஐயும் அனுப்பக் கூடாது. "நான் அனுப்பி வாங்கித் தருகிறேன்" என்று சொல்லும் முகவரிடம் எந்த வழியாக என்று கேளுங்கள். பதில் மழுப்பலாக இருந்தால் நாணயத்தைக் கையை விட்டுக் கொடுக்காதீர்கள். உள்நாட்டிலேயே சான்று தருபவர்களை நாடலாம். அவர்கள் சான்றோடு வந்த நாணயம் ஏலத்தில் என்ன விலை போனது, அதே நாணயம் சான்றில்லாமல் என்ன விலை போனது என்று பழைய ஏலப் பட்டியல்களில் ஒப்பிட்டுவிட்டு முடிவெடுங்கள். வித்தியாசம் இல்லையென்றால் அந்தச் சான்றுக்குச் சந்தையில் மரியாதை இல்லை.

ஸ்லாப்பிலும் போலி வருகிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். உறையில் இருக்கும் எண்ணை நிறுவனத்தின் இணையதளத்தில் போட்டுப் பார்த்து, அங்கே வரும் படத்தோடு கையில் இருப்பதன் கீறல்களையும் கறைகளையும் பொருத்திப் பார்க்க வேண்டும். எண் சரியாக இருப்பது மட்டும் போதாது, எண்ணைத்தான் முதலில் திருடுவார்கள்.

முதலீடு: பணத்துக்கா, ஆசைக்கா

இங்கேதான் என் அபிப்பிராயம் கொஞ்சம் கடுமை. ஆதாயம் மட்டும்தான் நோக்கம் என்றால் பழைய நாணயம் வாங்காதீர்கள். கணக்கைப் பாருங்கள். வெள்ளி கிராம் 100 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் சாதாரண ராஜா ரூபாயில் 1069 ரூபாய்க்கு வெள்ளி இருக்கிறது. கடையில் அதற்கு 1500 சொல்வார்கள். அடுத்த வாரம் அதே கடைக்குத் திருப்பிக் கொண்டுபோனால் வெள்ளி விலைக்குத்தான் கேட்பார்கள், சில சமயம் அதற்கும் கீழே. கை மாறும் இடத்திலேயே முப்பது சதவீதம் போய்விடுகிறது. வெள்ளி விலை நாற்பது சதவீதம் ஏறினால்தான் போட்ட பணம் திரும்பும். வெள்ளி ஏறும் என்பதுதான் நம்பிக்கை என்றால் 2022 முதல் இங்கே வெள்ளி இ.டி.எஃப்., அதாவது பங்குச் சந்தையில் வாங்கி விற்கும் வெள்ளி நிதி, இருக்கிறது. வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் இடைவெளி மிகக் குறைவு, போலி பயம் இல்லை, கறுக்கவும் கறுக்காது.

அரசு நாணயச்சாலைகள் விற்கும் நினைவு நாணயத் தொகுப்புகள் அடுத்த ரகம். மும்பை, கொல்கத்தா, ஹைதராபாத் சாலைகள் அழகான பெட்டியில் போட்டுத் தருகின்றன. தஞ்சைப் பெரிய கோயிலின் ஆயிரமாவது ஆண்டுக்கு வந்த 1000 ரூபாய் நாணயத்தை யார் வீட்டில் பார்த்தாலும் எனக்கே எடுத்துப் பார்க்க ஆசை வரும். அன்பளிப்புக்கு நன்று. முதலீடு என்று சொன்னால் யோசிப்பேன். வெளியீட்டு விலையிலேயே வெள்ளி மதிப்புக்கு மேல் கணிசமாக வைத்து விற்கிறார்கள். வாங்கியவர்கள் எல்லாரும் பெட்டி கலையாமல் பத்திரமாக வைத்திருப்பதால், பிற்காலத்தில் அரிதாகும் வாய்ப்பும் குறைவு. சந்தைக்கு வந்ததும் ஏறிப் பிறகு இறங்கியவை பல. வைஷ்ணவி தேவி படம் போட்ட 5, 10 ரூபாய் நாணயங்கள் லட்சங்களுக்குப் போகும் என்ற செய்தியைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். அவை புழக்கத்துக்காகவே ஏராளமாக அடித்தவை.

பழமைக்கும் விலைக்கும் சம்பந்தமில்லை என்பதை ராஜராஜன் செம்புக் காசு போல வேறு எதுவும் காட்டாது. ஒரு பக்கம் நிற்கும் உருவம், மறுபக்கம் அமர்ந்த உருவம், பக்கத்தில் நாகரி எழுத்தில் ஸ்ரீராஜராஜ. ஆயிரம் வருடப் பழசு. தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் அவ்வளவு கிடைத்திருப்பதால் சுமாரான காசு ஒன்று ஒரு ஹோட்டல் சாப்பாட்டு விலைக்குக்கூட வரும். நூறு வருடம்கூட ஆகாத 1939 ரூபாயோ எங்கேயோ இருக்கிறது. எத்தனை தப்பிப் பிழைத்தன, எத்தனை பேருக்கு வேண்டும் என்ற இரண்டும்தான் விலை.

அரிய வருடம், நல்ல தரம், அசல் பரப்பு மூன்றும் சேர்ந்த நாணயங்கள் காலப்போக்கில் நன்றாக ஏறியிருக்கின்றன, உண்மைதான். ஆனால் அவற்றைத் தேர்ந்தெடுக்கும் கண் வருவதற்கு வருடங்கள் ஆகும், விற்கும்போது சரியான ஆளுக்காகக் காத்திருக்க வேண்டும். மகள் கல்யாணத்துக்கு அடுத்த மாதம் பணம் வேண்டும் என்றால் 1939 ரூபாய் உதவாது, அடகுக் கடையில் வைக்கும் சங்கிலிதான் உதவும். ஆகவே இதில் போடும் பணம் பத்து வருடம் கிடந்தாலும் பரவாயில்லை என்ற பணமாக இருக்க வேண்டும். சேர்ப்பதே சந்தோஷம் என்பவர்களுக்கு மட்டும் இது ஒத்துவரும்.

அப்படிப்பட்டவர்களுக்கு என் யோசனை, ஊர் சார்ந்த ஒரு வட்டத்தைப் பிடியுங்கள். பிரெஞ்சுக்காரர் அடித்த, தமிழில் புதுச்சேரி என்றே எழுதிய செம்பு துட்டு. தரங்கம்பாடியில் டேனிஷ்காரர் அடித்த, அரசர் பெயரின் முதலெழுத்துகள் பின்னிய குட்டிக் காசுகள். நாகப்பட்டினம், பழவேற்காட்டு டச்சுக் காசுகள். கொஞ்சம் மேலே போனால் சென்னை மாகாணத்தின் வெள்ளி அரை வராகன், கால் வராகன். ஒரு பக்கம் கோபுரம், மறுபக்கம் விஷ்ணு, ஆங்கிலம் பாரசீகத்தோடு தமிழும் தெலுங்கும். இவற்றில் எழுத்தைப் படிக்கத் தெரிந்தவருக்கு மும்பை டீலரை விட ஒரு படி கூடுதல் பார்வை கிடைக்கிறது. குப்பை போலக் குவித்து விற்கும் செம்புக் குவியலில் நல்லதைப் பொறுக்க முடிவது அந்தப் பார்வையால்தான். எழும்பூர் அரசு அருங்காட்சியகத்து நாணயப் பகுதியில் பாதி நாள் நின்றால் கண் கொஞ்சம் பழகும். பழகிய பிறகு, ஐம்பது சுமாரான காசு வாங்கும் பணத்தில் இரண்டு மிக நல்ல காசு வாங்குங்கள்.

வயலில் உழும்போதோ அஸ்திவாரம் தோண்டும்போதோ கிடைத்த புதையல் என்று சொல்லி வருவதை மட்டும் தொடாதீர்கள். 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டம் இன்னும் உயிரோடிருக்கிறது. மண்ணில் கிடைத்தது பத்து ரூபாய் மதிப்பைத் தாண்டினாலே கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். முறையாகத் தெரிவித்தால் கண்டெடுத்தவருக்குப் பங்கோ தொகையோ கிடைக்க வழி உண்டு, மறைத்தால் வழக்கு. "புதையல்" என்று கிசுகிசுப்பாக நீட்டப்படுவதில் பெரும்பகுதி போலி என்பது தனிக் கதை.

விற்பது என்று முடிவானால்

சாதாரண வெள்ளி ரூபாய்களை ஏலத்துக்கு அனுப்புவதில் அர்த்தமில்லை. அன்றைய வெள்ளி விலையையும் 10.69 கிராமையும் மனதில் வைத்துக்கொண்டு இரண்டு மூன்று நாணய வியாபாரிகளிடம் கேளுங்கள். நகைக்கடை உருக்கும் விலை போடும். நாணயக்காரர் தேய்மானம் குறைந்தவற்றுக்குக் கொஞ்சம் மேலே தருவார். நாணயக் கண்காட்சி நடக்கும் நாட்களில் பத்து மேசை ஏறி இறங்கினால் நிஜ விலை தெரிந்துவிடும். மொத்தமாகக் கொடுங்கள் என்று யார் அவசரப்படுத்தினாலும், நல்லதைப் பொறுக்கிக்கொள்ளத்தான் அவசரப்படுத்துகிறார்.

அரியது என்று உறுதியானதை மட்டும் ஏலத்துக்குக் கொண்டுபோங்கள். மும்பை டோடிவாலா, பெங்களூர் மருதர் ஆர்ட்ஸ் போன்ற ஏல நிறுவனங்கள் அச்சிட்ட பட்டியல் போட்டு நடத்துகின்றன. வாங்குபவர் ஏலத்தொகைக்கு மேல் கமிஷனும் வரியும் கட்டுவார். அதைக் கணக்கில் வைத்துத்தான் அவர் கையைத் தூக்குவார். உங்களிடமும் கமிஷன் பிடிப்பார்கள், எவ்வளவு என்று முன்பே எழுத்தில் வாங்குங்கள். பணம் கைக்கு வர மாதங்கள் ஆகலாம்.

இணைய விளம்பரத்தைப் பார்த்து விற்கப்போனால், "உங்கள் நாணயம் 20 லட்சத்துக்கு ஏற்கப்பட்டது, பதிவுக் கட்டணம் மட்டும் அனுப்புங்கள்" என்று ஒரு அழைப்பு வந்தே தீரும். ரிசர்வ் வங்கியின் பெயரையும் முத்திரையையும் போட்டுக் கடிதம்கூட அனுப்புவார்கள். பழைய நாணயம், நோட்டு வாங்கி விற்பதில் தனக்குச் சம்பந்தமே இல்லை, யாரிடமும் கட்டணமோ கமிஷனோ கேட்பதில்லை என்று ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்டில் அறிக்கையே விட்டது. வாங்குகிறவர்தான் பணம் தரவேண்டும். விற்கிறவரிடம் முதலில் பணம் கேட்கும் இடத்தில் போனை வைத்துவிடலாம்.

அதுவரை நாணயங்களை எங்கே வைப்பது? பி.வி.சி. ஆல்பத்தில் வேண்டாம், அதுதான் பச்சைப் பிசுபிசுப்பின் ஊற்று. ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டவும் வேண்டாம், அதிலிருக்கும் கந்தகம் வெள்ளியைப் பட்டை பட்டையாகக் கறுக்கவைக்கும். மைலார் என்ற தெளிவான பிளாஸ்டிக் தாளில் சாளரம் வைத்த அட்டை உறை மலிவு, போதும். டப்பாவில் இரண்டு சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு, மழைக்காலம் முடிந்ததும் மாற்றுங்கள். ஒவ்வொரு உறையிலும் வருடம், எடை, எங்கிருந்து வந்தது என்று பென்சிலால் எழுதிவிடுங்கள். எழுதிவிட்டு அப்புறம் நாணயத்தை உள்ளே வையுங்கள், வைத்துவிட்டு மேலே எழுதினால் அழுத்தம் நாணயத்தில் படும்.